சோலர் தட்டை மூடுறதோ, விடுறதோ

சோலர் தட்டு வைச்சுப் பிழைக்கிறவனுக்குக் கண் ரெண்டும் வெயிலிலை இருக்கவேணும், காது ரெண்டும் வானத்திலை இருக்கவேணும். யாழ்ப்பாணத்திலை கரண்ட் நிண்டுபோன காலத்தை என்னோடை சேர்ந்து அனுபவிச்ச ஆக்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. உங்கடை நெஞ்சும் அப்ப இப்பிடித்தானே அடிச்சிருக்கும்.

நான் உரும்பிராயிலை றேடியோ திருத்திக்கொண்டிருந்தனான். கரண்ட் போன பிறகு ஆர் றேடியோ திருத்த வாறது? சண்டையிலை பாதை பூட்ட முந்தி மச்சான் கொழும்பிலையிருந்து கொண்டுவந்து தந்த சோலர் தட்டொண்டு வீட்டிலை கிடந்தது. சுளகளவுதான் இருக்கும். அதைச் சைக்கிள் கரியரிலை கட்டிக்கொண்டு வீடு வீடாய்ப் போய், மோட்டர்சைக்கிள் பற்றறியளுக்குச் சார்ஜ் ஏத்தத் தொடங்கினன்.

அந்த நேரம் பாத்து என்ரை மனிசி கமலா நிறைமாசம். ஆசுபத்திரி றோட்டிலை செல் விழுகுது. பிள்ளை எங்கடை வளவிலை பதுங்க வெட்டின பங்கருக்குள்ளைதான் பிறக்கும் எண்டு முடிவாப் போச்சு. மருத்துவிச்சி அன்னம்மாக்கா வந்து பங்கருக்குள்ளை குனிஞ்சு பாத்தா. பட்டப்பகலிலையே உள்ளுக்கை கும்மிருட்டு. லாம்பு கொளுத்தினால் அந்தப் பொந்துக்குள்ளை புகையிலை மூச்செடுக்கேலாது. "எனக்கு நல்ல லைற் வேணும் தம்பி, தடவிப் பாத்துப் பிள்ளை எடுக்க நான் மாட்டன்" எண்டு சொல்லிப்போட்டுப் போனா. அண்டையிலையிருந்து அந்தத் தட்டுக்கு ஒண்டு நடந்தால் கமலாவுக்கு நடந்தமாதிரித்தான் எனக்கு.

பிலாமரத்துக்குக் கீழை

கோண்டாவிலிலை ஒரு ரீச்சர். பற்றறியிலை றேடியோவைப் போட்டுச் செய்தி கேக்காமல் இருக்கேலாத மனிசி. காலமை அவவின்ரை முத்தத்திலை தட்டை வடிவா வெயிலுக்குச் சரிச்சு வைச்சு, பற்றறியைக் கொழுவிவிட்டு, பக்கத்து வீட்டிலை ஒரு வேலை இருந்ததெண்டு போனன். மத்தியானம் திரும்பி வந்து பாத்தால் பற்றறி சார்ஜ் ஏறாமல் நான் விட்டமாதிரியே கிடக்கு. தட்டைக் காணேல்லை.

வளவு முழுக்க ஓடினன். தேடினால், பிலாமரத்துக்குக் கீழை, நல்ல குளிர் நிழலிலை, மேலை ரெண்டு வாழையிலையும் போட்டுப் படுக்க வைச்சிருக்கிறா. ஹெலி சுத்தினதாம், தட்டு மினுங்கினதாம், கண்டால் சுடுவானாம். "என்ன ரீச்சர், பிள்ளையளுக்கு வெயிலைப் பற்றிப் படிப்பிக்கிற நீங்களே" எண்டு கேட்டன். மனிசி கொஞ்சமும் வெக்கப்படேல்லை.

"வெயில் படாட்டிச் சார்ஜ் ஏறாதெண்டு எனக்கும் தெரியும் தம்பி, ஆனால் எனக்கு இருக்கிறது ஒரு தலைதானே!"

ஆருக்கு இடம்?

இன்னொரு வீடு. பேர் வேண்டாம், அந்தாள் இப்பவும் என்னோடை கதைக்கிறவர். தட்டு வெயிலிலை காஞ்சுகொண்டிருக்குது, திடீரெண்டு குண்டு போடுற பொம்மரின்ரை இரைச்சல். நான் தட்டை மூடுற சாக்கை எடுக்க முந்தி அந்தாள் பாய்ஞ்சு வந்து, வயரையும் அறுத்துக்கொண்டு, தட்டை நெஞ்சோடை கட்டிப்பிடிச்சபடி பங்கருக்குள்ளை இறங்கிட்டார். பிறத்தியாற்றை சாமானாம், பொறுப்பாம்.

அந்தப் பங்கர் எங்கடை ஆக்கள் கட்டுற பங்கர்தான், ரெண்டு பேர் குந்தியிருந்தால் மூண்டாம் ஆளுக்கு மூச்சில்லை. மனிசன் ஒரு பக்கம், தட்டு ஒரு பக்கம். பெண்சாதி இறங்க இடமில்லாமல் வாசலிலை நிக்குது. நான் வாழைக்கு நடுவிலை குப்புற விழுந்து கிடக்கிறன். உண்ணாணை, அந்தப் பயத்துக்குள்ளையும் அவ கத்தினது எனக்கு வடிவாக் கேட்டது.

"தட்டு உடைஞ்சால் கேக்கிறதுக்கு உந்தத் தம்பி இருக்கிறார், நான் உடைஞ்சால் ஆர் கேக்கிறது?"

பக்கத்து வளவு

எங்கடை பக்கத்து வளவு பொன்னுத்துரை அண்ணை. தங்கமான மனிசன், ஆனால் தம்பியாரைப் பொம்மர் அடிச்சதிலை பறிகுடுத்தவர். அதுக்குப் பிறகு தண்ணி மிசின் இரைஞ்சாலும் பங்கருக்குள்ளைதான். பங்கர் லைற்றுக்கெண்டு பற்றறி ஏத்த முத்தத்திலை வைச்ச என்ரை தட்டின்ரை மினுக்கம் ஒருநாள் அவற்றை சுவரிலை விழுந்திட்டுது. வேலிக்கு மேலாலை தலையை நீட்டி, தட்டை எடு இல்லாட்டி உடைப்பன் எண்டு நிண்டார். நான் கமலாவைக் காட்டினன். பிறகு ஒரு உடன்பாட்டுக்கு வந்தம்: அவர் "மூடு!" எண்டு கத்தினால் நான் உடனை சாக்கைப் போடவேணும்.

ஐயோ, அந்த "மூடு!" இருக்கே! காகம் பறந்தால் மூடு, லொறி போனால் மூடு. பற்றறி பாதி கூட ஏறாது. எனக்குக் கோபம் வரும், பேந்து அவற்றை தம்பியாரை நினைச்சுச் சாக்கைப் போட்டிடுவன். ஒருநாள் பொறுக்கேலாமல் கேட்டே விட்டன், என்ரை நிலைமை விளங்கேல்லையோ எண்டு.

"உன்ரை மனிசிக்கு வெளிச்சம் வேணும், எனக்கு விளங்குது, எனக்கு உயிர் வேணும், அது உனக்கு விளங்குதோ?"

அண்டைக்கு

கமலாவுக்குக் காலமை நோ தொடங்கிச்சு. மத்தியானம் அன்னம்மாக்கா வந்து பங்கருக்குள்ளை இறங்கினா. லைற்றைப் போட்டன். பல்ப் கொஞ்ச நேரம் சிவந்து எரிஞ்சுது, பிறகு அணைஞ்சுபோச்சு. பற்றறி செத்திட்டுது. பற்றறி அரசாங்கம் தடைசெய்த சாமான், வேறை எங்கை தேடுறது? பற்றறியைக் கழட்டி எறிஞ்சுபோட்டு, தட்டிலையிருந்து வயரை நேரை பல்ப்புக்குக் குடுத்தன். உச்சி வெயில். உள்ளுக்கை பளிச்செண்டு எரிஞ்சுது. வெயில் படுமட்டும் லைற், நிழல் விழுந்தால் இருட்டு.

முருகா, அந்த நேரம் பாத்துப் பொம்மர் வந்துது.

"மூடு! மூடு!" பொன்னுத்துரை அண்ணை அங்காலை கத்துறார். பழக்கத்திலை சாக்கைப் போட்டிட்டன். "லைற்! தலை தெரியுதடா, லைற்!" உள்ளுக்கையிருந்து அன்னம்மாக்கா கத்துறா. சாக்கை இழுத்தன். தட்டு மினுங்குது, பொம்மர் பதிஞ்சு வருது. மூடினால் உள்ளுக்கை கமலா, விட்டால் மேலை பொம்மர்க்காரன். திரும்பவும் மூடச் சாக்கைத் தூக்கினன்.

வேலியைப் பிரிச்சுக்கொண்டு பொன்னுத்துரை அண்ணை ஓடி வாறார். தட்டை உடைக்கத்தான் வாறார் எண்டு நினைச்சன். வந்தவர் என்ரை கையிலையிருந்து சாக்கைப் பறிச்சு நிலத்திலை போட்டு, அதுக்கு மேலை தானே குப்புறப் படுத்து, என்னையும் இழுத்து நிலத்தோடை அமத்தினார். குண்டு தோட்டப் பக்கம் விழுந்துது. நிலம் குலுங்கிச்சு, மண் வந்து முதுகிலை கொட்டுண்டது. தட்டு அசையாமல் வெயிலைப் பாத்தபடி இருந்தது. கொஞ்சத்தாலை பங்கருக்குள்ளையிருந்து பிள்ளை வீரிட்டுக் கத்தினது கேட்டுது. நான் அழுதிட்டன். "ஏன் அண்ணை, நீங்களே..." எண்டன். மனிசன் இன்னும் சாக்கை விட்டு எழும்பேல்லை.

"உவன் பாத்தாலும் போடுவான், பாக்காட்டியும் போடுவான், அன்னம்மாவுக்கெல்லோ பாக்கவேணும்!"

பங்கர் மாதிரிச் சின்ன இடத்து வெளிச்சத்துக்குச் சோலர் தட்டைப்போலை ஒரு நல்ல சாமான் இல்லை எண்டு இப்பவும் சொல்லுவன், என்ன, அதுக்கு வேண்டின அதே நல்ல வெயில்தான் பொம்மருக்கும் வேண்டியிருந்தது.