பண்ணைக் கோழிக்குப் புகுந்த வீடு

கோழிப் பண்ணையில் வேலை பார்ப்பவனை ஊரில் யாரும் சௌக்கியமா என்று கேட்பதில்லை. 'உடைஞ்ச முட்டை இருக்கா?' என்றுதான் கேட்பார்கள். எண்பதுகளில் பாகூர்ப் பக்கம் ஒரு பண்ணையில் எரு அள்ளிக்கொண்டிருந்தேன். கோழியிலிருந்து வெளியே வந்ததைப் பற்றித்தான் எனக்குத் தெரியும். ஆனாலும் ஊர் என்னைக் கோழி டாக்டர் ஆக்கிவிட்டது. கோழி வளர்த்து நொந்துபோனவர்களுக்கு என் கஷ்டம் புரியும்.

மண்ணை மிதித்தது

முட்டை குறைந்த கோழிகளைக் கறிக்கடை லாரியில் ஏற்றிவிடுவது பண்ணை வழக்கம். எங்களோடு வேலை பார்த்த பூரணாங்குப்பம் கனகவல்லிக்கு அது பொறுக்கவில்லை. மேஸ்திரியிடம் மன்றாடி மூன்று வெள்ளைக் கோழிகளை வாங்கிக் கூடையில் போட்டுக்கொண்டாள். அவள் புருஷன் ஏழுமலை ஒரே ஒரு நிபந்தனை போட்டார். ஆடியில் அம்மனுக்குக் கூழ் ஊற்றும் நாளுக்குள் அவை வீட்டுக் கோழிகளோடு ஒன்றாகிவிட வேண்டும். இல்லாவிட்டால் அன்றைக்கு வரும் விருந்தாளிகளுக்கு அவைதான் குழம்பு.

சேர்த்து வைக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. கூடையைத் திறந்தோம். கம்பிக் கூண்டிலேயே வளர்ந்தவை, மண்ணைப் பார்த்ததில்லை. ஒன்று காலைத் தூக்கியது. எங்கே வைப்பதென்று தெரியாமல் அப்படியே நின்றது. மற்ற இரண்டும் உட்கார்ந்துவிட்டன. ஏழுமலை ஒரு சுற்றுச் சுற்றிவந்து பார்த்தார்.

"இன்னா தம்பி, கோழின்னு சொல்லி பொம்மைய குடுத்துட்டாங்களா?"

தனிக்குடித்தனம்

புதுக் கோழியிடம் சீக்கு இருந்தால் வீட்டுக் கோழிகளுக்கும் ஒட்டிக்கொள்ளும். அதனால் சில வாரம் தள்ளியே வைக்க வேண்டும், தண்ணீரும் தீனியும் தனி என்று மேஸ்திரி எனக்குச் சொன்னதை, என் சொந்தச் சரக்கு போலக் கனகவல்லியிடம் சொன்னேன். அவள் மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் தனியாக அடைத்தாள். வீட்டுக் கோழிகளைக் கவனித்த பிறகுதான் இவற்றிடம் வருவாள், போகும்போது சோப்பு போட்டுக் கை கழுவுவாள். பண்ணைக் கம்பியில் உரசி மொட்டையாகியிருந்த கழுத்துகளில் மெதுவாக இறகு முளைத்தது. பக்கத்து வீட்டுக்காரி வேலி ஓரமாக நின்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"பெரசவத்துக்கு வந்த பொண்ண கூட இப்பிடி பாத்துக்க மாட்டாங்கடி."

பொட்டு

அடுத்தது முகப்பழக்கம். வீட்டுக் கோழிகள் மேயும் இடத்திலேயே பெரிய கூடையைக் கவிழ்த்து, அதற்குள் வெள்ளைக் கோழிகளை விட்டோம். பார்க்கலாம், கொத்த முடியாது. எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. கனகவல்லி நல்ல நாள் பார்த்துக் கூடையைத் தூக்கினாள்.

புது மாடு வந்தால் ஆரத்தி எடுத்துப் பொட்டு வைப்பது அவர்கள் வீட்டு வழக்கம். கோழிக்கும் வைத்துவிட்டாள். கோழிக்கு நெற்றி எது என்று பிடிபடாததால் முதுகில் தாராளமாக வைத்தாள். சிவப்பைக் கண்டால் ரத்தம் என்று நினைத்துக் கோழிகள் கொத்தும். அது எனக்குத் தெரியும். குங்குமம் வைப்பாள் என்பதுதான் தெரியாது. வீட்டுக் கோழிகள் வரிசையாக வந்து கொத்தின, நிஜ ரத்தமே வந்துவிட்டது. பாய்ந்து பிடித்து, கழுவி, மஞ்சள் பூசி, மறுபடியும் கூடைக்குள் போட்டோம். கூழ் ஊற்றக் கொஞ்ச நாள்தான் பாக்கி. அவள் அழுதேவிட்டாள்.

"நல்லது நெனச்சிதாண்ணே வெச்சேன்."

கூழ் ஊற்றிய நாள்

காயம் ஆறியதும், ஒருநாள் பொழுது சாய்ந்து வீட்டுக் கோழிகள் அடைந்த பிறகு, வெள்ளைக் கோழிகளையும் ஒவ்வொன்றாகத் தூக்கி அதே கூண்டில் வைத்தோம். காலையில் எல்லாம் சேர்ந்தே இறங்கின. தீனியை ஒரே இடத்தில் கொட்டாமல் அங்கங்கே இறைத்ததால் சண்டையும் பெரிதாக இல்லை.

ஏழுமலைக்கு நம்பிக்கை வரவில்லை. கூழ் அன்றைக்கு விருந்தாளிகள் வந்து இறங்கியதும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு வெள்ளைக் கோழியைப் பிடித்தார். அது கத்தியது. எங்கிருந்தோ ஓடிவந்த வீட்டுச் சேவல் அவர் முழங்காலில் பாய்ந்தது. அவர் கோழியை விட்டுவிட்டு மாட்டுக் கொட்டகைக்குள் ஓட, சேவல் வாசலில் நின்றுகொண்டு அவரை வெளியே விடவில்லை. கனகவல்லி கருவாட்டுக் குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டே சொன்னாள்:

"அதுங்க ஒண்ணாயிடுச்சி. இப்ப நீதான்யா வெளியாளு."

அடுத்த வாரம் ஏழுமலை என்னைத் தேடி வந்து, சேவலோடு தன்னைச் சேர்த்து வைக்க ஏதாவது வழி உண்டா என்று கேட்டார். அந்த வைத்தியம் மட்டும் எந்த மேஸ்திரிக்கும் தெரியவில்லை.