நான் ரிஜெக்ட் செய்த கேள்வி

தொண்ணூறுகளின் நடுவில் பீன்யா தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தேன். இன்ஸ்பெக்டர் வேலைக்கு உள்ளுக்குள்ளேயே எழுத்துத் தேர்வு வைத்தார்கள். முதல் தடவை கணக்கில் கோட்டை விட்டேன். மூன்றாம் வாய்ப்பு கிடையாது. மற்றவன் கடைந்ததைக் குறை சொல்லவே சம்பளம் தருகிற வேலை அது, எனக்கென்றே படைத்தது. வெறியாக ஆசைப்பட்டேன்.

என்னைக் கவிழ்த்தது மைனஸ். −2x < 6 என்றால் x < −3 என்று கூசாமல் எழுதுவேன். பி.யூ.சி. படித்த என் மனைவி தலையில் அடித்துக்கொள்வாள்.

"இன்னாங்க நீங்க! மைனஸால வகுத்தா குறிய திருப்பிப் போடணும். x > −3."

"ஏன் திருப்பணும்?"

"ரெண்ட விட ஆறு பெருசு. ரெண்டுக்கும் மைனஸ் போடுங்க. இப்ப எது பெருசு? மைனஸ் ரெண்டுதான? அதான்."

புரிந்தது. ஆனால் பரீட்சைப் பதற்றத்தில் திருப்ப மறந்துவிடுவேன் என்று என்னைப் பற்றி எனக்குத் தெரியும். அதனால் ஒரு சோதனை கண்டுபிடித்தேன். x இருக்கும் இடத்தில் பூஜ்யம் போடுவது. 0 < 6, சரி. அப்படியானால் விடையிலும் பூஜ்யம் அடங்க வேண்டும். x > −3 தேறும், x < −3 தேறாது. பீஸின் அளவு சரிபார்க்கும் எங்கள் கேஜுக்கும் இப்படி இரண்டு முனை உண்டு. நல்ல பீஸ் ஒரு முனையில் நுழையும், மறு முனையில் நுழையாது. இரண்டிலும் நுழைந்தால் சிவப்பு பெயிண்ட் அடித்து ஒதுக்கிவிடுவோம்.

தேர்வில் ஒவ்வொரு கணக்கையும் அப்படியே சோதித்தேன். கடைசிக் கணக்கு: −5x > 0. பூஜ்யம் போட்டால் 0 > 0, தவறு. ஆகவே விடையில் பூஜ்யம் அடங்கக் கூடாது. x < 0, அடங்கவில்லை. x > 0, அதிலும் அடங்கவில்லை. இரண்டுமே தேறிவிட்டன! யோசிக்கவே இல்லை. சட்டைப் பையிலிருந்த சிவப்புப் பேனாவை எடுத்து, "கேள்வி ரிஜெக்ட்" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

மறுவாரம் கன்னடக்கார மேனேஜர் கூப்பிட்டார். மேசைமேல் என் விடைத்தாள்.

"ஏன்ரீ, கேஜ் சரியில்லன்னா பீஸ ரிஜெக்ட் பண்ணுவீங்களா?"

காது சுட்டது. அங்கேயே நின்று, x இருக்கும் இடத்தில் பூஜ்யத்துக்குப் பதில் 1 போட்டுப் பார்த்தேன். மைனஸ் ஐந்து பூஜ்யத்தைவிடப் பெரிதில்லை, அதனால் விடையில் 1 அடங்கக் கூடாது. அப்படியானால் x < 0. சொன்னேன். இன்ஸ்பெக்டர் வேலை கைநழுவியது என்றே நினைத்தேன், அழுகை வந்தது.

"மத்ததெல்லாம் ரைட்டு. திங்கக்கிழமலேர்ந்து நீங்க இன்ஸ்பெக்டர்" என்றார். நான் வாயெல்லாம் பல்லாகக் கதவை நெருங்கும்போது கூப்பிட்டார். "ஆனா மூணு மாசத்துக்கு எதையும் ரிஜெக்ட் பண்ணாதீங்க. எங்கிட்ட கேளுங்க."