முச்சந்தியிலிருந்து திரும்பிய பாசி உருண்டை

ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்கள் குழாயடியில் ஒரு பெரணிச் செடி தானாக முளைத்திருந்தது. குழாய் எந்நேரமும் சொட்டும். வாஷர் மாற்ற என் மனைவி விடமாட்டாள். "நக்கோங்க, அது குடிச்சிட்டுப் போகட்டும்" என்பாள். இந்த ஊரில் எங்கள் தமிழிலும் உருது ஒட்டிக்கொண்டுவிட்டது; வேண்டாம் என்பதற்கு நக்கோ, ஆமாம் என்பதற்கு ஹவ். ஒர்க்‌ஷாப்பில் பகலெல்லாம் இரும்புச் சத்தம். வீட்டுக்கு வந்து அந்தச் சொட்டுச் சத்தத்தில்தான் கண் அசருவேன்.

நான் ரிட்டயரான பிறகு, ஊரின் மறுகோடியில் கச்சிபௌலியில் மகனோடு இருக்க வந்தபோது அவள் பிடிவாதமாகக் கொண்டுவந்தது அந்தச் செடியைத்தான். மருமகள் அதன் வேர்மண்ணை லட்டு மாதிரி உருட்டி, பாசியைப் போர்த்தி, நூல் சுற்றிப் பால்கனியில் தொங்கவிட்டாள். ஜப்பான்காரர்கள் தொட்டியில்லாமல் இப்படி வளர்ப்பார்களாம். கோக்கெடாமா என்று பேர். தூக்கிப் பார்த்து லேசாக இருந்தால் வாளித் தண்ணீரில் முக்க வேண்டும். குமிழி குமிழியாக மூச்சு விடும். பார்த்துக்கொண்டே இருந்தால் கீழே ஓடுகிற வண்டிச் சத்தமெல்லாம் எங்கோ போய்விடும். நானும் தண்ணீருக்குள் இருக்கிற மாதிரி இருக்கும்.

மனைவி போலாரத்துக்குத் தங்கச்சி வீட்டுக்குப் போனாள். "செடி உங்க பொறுப்பு" என்றாள். அந்த வாரம் அடித்த வெயிலில் இலையெல்லாம் கருகிக் குச்சியாகிவிட்டது. நிழலாக இருக்கட்டும் என்று வாசற்கதவுக்கு மேலே ஆணியில் மாட்டினேன்.

அமாவாசைக் காலையில் குளித்துவிட்டு வந்து பார்த்தால், அந்த ஆணியில் சிவப்புத் துணி கட்டிய தேங்காய்!

"புதுசு கட்டிட்டேன் தாத்தா" என்றாள் வேலைக்கு வரும் பெண். தெலுங்குக்காரி, எங்களோடு பழகித் தமிழ் வரும். "பழைய திருஷ்டிக் காய் நார்நாராப் போச்சு. முச்சந்தியில போட்டுட்டேன்."

"ஐயோ, அது செடிம்மா!"

"தொட்டி இல்லாம எந்தச் செடி தாத்தா வாசல்ல தொங்கும்?"

இருவரும் ஓடினோம். உடைந்த பூசணிக்காய்களுக்கு நடுவில் உருண்டை கிடந்தது. கேப் வண்டிகள்கூட அதை மிதிக்கப் பயந்து ஒதுங்கிப் போயின. குனிந்தேன். அவள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"தொடாதீங்க தாத்தா! ஊர்க் கண்ணு பூரா அதுல இருக்கு!"

எடுத்துவிட்டேன். குச்சிகளுக்கு அடியில் ஒரு துளிர், பச்சையாகச் சுருண்டிருந்தது. கொண்டுவந்து தண்ணீரில் முக்கினேன். வெகுநேரம் கழித்துத்தான் முதல் குமிழி வந்தது.

சாயங்காலம் மனைவி செருப்பைக் கழற்றுவதற்குள் அந்தப் பெண் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். திருஷ்டி கழித்துப் போட்டதை மறுபடி வீட்டுக்குள் விடுகிற ஆள் இல்லை என் மனைவி. வெளியே எறியச் சொல்லிவிடுவாளோ என்று வாளிப் பக்கத்திலேயே நின்றேன்.

அவள் உருண்டையைக் கையில் ஏந்தி, துளிரைப் பார்த்தாள்.

"அத்தனை பேர் கண்ணும் இது மேலதானே பட்டிருக்கும்? பாவம், இதுக்கு யாரு சுத்திப் போட்டா?"

உப்பும் மிளகாயும் எடுத்து உருண்டையை மூன்று சுற்றுச் சுற்றி, பால்கனியில் நெருப்பில் போட்டாள்.

"பாத்தீங்களா, நெடியே வரல. எவ்வளவு கண்ணு பட்டிருக்கு!"

எனக்குத் தொண்டை கமறியது. இருமலை அடக்கிக்கொண்டு, "ஹவ், வரவே இல்ல" என்றேன்.