காரம் தெரியாமல் போன நரம்புகள்

கண்ணாடிக் குழாயின் நுனி செல்லைத் தொடும் நேரத்தில் அக்கா மூச்சை அடக்கிக்கொள்வாள். திருப்பதி ஆய்வகத்தில் எனக்கு மூத்த மாணவி, புத்தூர்க்காரி. எலியின் முதுகெலும்போரம் கடுகளவில் இருக்கும் நரம்பு முடிச்சுகளை எடுத்துக் கரைத்து, தனித்தனி செல்லாகத் தட்டில் வளர்ப்பாள். வலியையும் சூட்டையும் உணரும் செல்கள் அவை. மிளகாய்க் காரம் ஒரு சொட்டு பட்டால் மின்னோட்டம் பாய்ந்து, திரையில் கோடு சடாரென்று இறங்கும். "பாருடி, எரியுதுன்னு கத்திக்கினு கீது" என்று சிரிப்பாள்.

அந்த வருடம் சிரிப்பு நின்றுபோயிருந்தது. இரண்டு முறை நீட்டிய கெடு அந்த வாரத்தோடு முடிகிறது. இன்னும் நாலு செல்களின் பதிவு கிடைக்காவிட்டால் பட்டம் இல்லை, ஆறு வருட உழைப்பும் அவ்வளவுதான். கடைசித் தட்டுகள், செல்களை உடல்சூட்டில் வைத்திருக்கும் இன்குபேட்டர் பெட்டிக்குள் இருந்தன. அன்று ஆயுத பூஜை. மைக்ராஸ்கோப்புக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தோம். அக்கா கைகூப்பி நின்று அழுததை என்னால் பார்க்க முடியவில்லை. அவள் போனதும், நகரியிலிருந்து அம்மா கொடுத்தனுப்பிய பச்சைக் கற்பூரத்தைப் பிரித்து இன்குபேட்டருக்குள் தட்டுகளின் பக்கத்திலேயே வைத்தேன். சாமி துணை இருக்கட்டுமே என்று. முட்டாள், முட்டாள்!

காலையில் அந்த வெதுவெதுப்பில் கற்பூரம் காணாமல் போயிருந்தது. காகிதத்தை மட்டும் எடுத்துப் போட்டேன். பூஜை நடந்த அறை என்பதால் வாசனையை யாரும் கவனிக்கவில்லை. செல்கள் நன்றாகவே இருந்தன, குழாயும் சரியாகப் பிடித்தது. அக்கா காரம் விட்டாள். கோடு அசையவில்லை. அடுத்த செல், அதற்கடுத்தது, சாயங்காலம் வரை அதே கதை. "சாகவும் இல்ல, வாயும் தொறக்க மாட்டேங்குது. எல்லாம் என் கைதான்டி, விளங்காத கை" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

கற்பூரமும் நரம்பில் காரத்துக்கான அதே வாயிலைத் தட்டுமாம், தட்டித் தட்டி மரத்துப்போகச் செய்யுமாம். அடுத்த மாதம்தான் படித்தேன். அதற்குள் அக்கா பட்டமில்லாமலே ஆய்வகத்தை விட்டுப் போய்விட்டிருந்தாள். தேடிப் போய்ச் சொல்லியிருக்க வேண்டாமா? பயந்து வாயை மூடிக்கொண்டு, அதே ஆய்வகத்தில் வெட்கமில்லாமல் பட்டமும் வாங்கினேன்.

இப்போது அவளுக்கு ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் வேலை. போன வாரம் திருச்சானூரில் ஷேர் ஆட்டோவுக்கு நின்றபோது எதிரே வந்தாள். "இன்னாடி, எப்படிக்கீற?" என்று கையைப் பிடித்தாள். தாங்கவில்லை. நடுரோட்டிலேயே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அறைவாள் என்றுதான் நின்றேன். அவள் தன் வலது கையை விரித்துப் பார்த்தாள்.

"அப்போ என் கை நல்லாத்தான் இருந்துச்சா?"

"ஆமாங்க்கா."

"இன்னொரு தபா சொல்லுடி" என்றாள்.