கீழ்த்தள அறை உண்டு என்று சொன்ன பக்கம்

"ஜனவரி 5, ஞாயிறு. ஹட்டன். லொட்ஜின் வெப்சைட் பார்த்தேன். இந்த வருடத்துக்கு மாற்றப்பட்டிருக்கிறது. சரி."

என் குறிப்புப் புத்தகத்தில், என் கையெழுத்தில் இருக்கும் இந்தப் பதிவு பிழையானது. அது தெரியவர ஏறக்குறைய ஐந்து வாரம் ஆனது. அடித்துவிட மனம் வரவில்லை. பக்கத்தில் சிவப்பு மையில் "பிழை" என்று எழுதி வைத்திருக்கிறேன்.

லொட்ஜ் என் தம்பியுடையது. ஹட்டன் பஸ் நிலையத்திலிருந்து நடந்து போகிற தூரம். எனக்கு லிந்துலையில் தோட்ட அலுவலகத்தில் வேலை. வார இறுதியில் பஸ் ஏறி வந்து அவனுக்குப் பதிவேடு பார்த்துக் கொடுப்பேன். வெப்சைட்டைச் செய்து கொடுத்தவர் டவுனில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தார். பிறகு கடையை மூடிவிட்டுக் கட்டாருக்குப் போனார். கடவுச்சொல்லும் அவரோடு போய்விட்டது.

அந்தப் பக்கத்தைச் செய்த காலத்தில் லொட்ஜின் கீழ்த்தளத்தில் இரண்டு அறைகள் இருந்தன. "முதியவர்களுக்கு ஏற்ற கீழ்த்தள அறைகள். படிகள் இல்லை" என்று எழுதிக் கொடுத்தவன் நான்தான். பின்னர் கீழ்த்தளம் முழுவதையும் தம்பி மருந்து விற்கும் ஒரு பாமசிக்கு வாடகைக்குக் கொடுத்தான். அந்த வரியை எடுக்க வேண்டும் என்று அன்றைக்கே சொன்னேன்.

"யாருண்ணே இப்ப வெப்சைட்ட பாக்குறா? எல்லாரும் போன்லதான் கேக்குறாங்க."

"ஒருத்தர் பாத்தா போதும்டா."

"அந்த ஒருத்தரு நீங்கதான்."

நான் விடாமல் நச்சரித்ததால் கட்டாருக்கு ஒரு செய்தி அனுப்பினான். கட்டைவிரலை உயர்த்திய படம் ஒன்று பதிலாக வந்தது. வேலை முடிந்தது என்று தம்பி எடுத்துக்கொண்டான். ஜனவரியில் நான் பார்த்தபோது பக்கத்தின் அடியில் புது வருடம் போட்டிருந்தது. நானும் அப்படியே எடுத்துக்கொண்டேன். மேலே இருந்ததைப் படிக்கவில்லை. பழைய கடிதமோ கல்லறைக் கல்லோ, எதைக் கண்டாலும் என் கண் முதலில் தேதிக்குத்தான் போகும். தேதி சரியென்றால் மற்றதையும் நம்பிவிடுவேன்.

பெப்ரவரி 8, சனிக்கிழமை, பிற்பகல் மூன்றரை மணி. வவுனியாவிலிருந்து ஒரு வேன் வந்து நின்றது. ஒரு பெண், அவருடைய கணவர், பின் இருக்கையில் பெண்ணின் அப்பா. பெரியவருக்கு வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. சக்கர நாற்காலியில்தான் எங்கும் போகிறார். மறுநாள் காலை ஹட்டனில் மகன் வழிப் பேத்திக்குக் கல்யாணம். மகன் வீடோ அக்கரப்பத்தனையில், ரோட்டிலிருந்து படியேறிப் போக வேண்டிய தோட்டத் தொழிலாளர் லயத்தில். அதனால்தான் லொட்ஜ். போனில் கேட்டபோது தம்பி "ரூம் இருக்கு" என்றிருக்கிறான். எந்தத் தளம் என்று அவர்கள் கேட்கவில்லை. வெப்சைட்டிலேயே எழுதியிருக்கும்போது ஏன் கேட்கப் போகிறார்கள்?

அந்தப் பெண் பாமசியின் பெயர்ப்பலகையைப் பார்த்தார். பக்கத்தில் மேலே போகும் படிகளைப் பார்த்தார். இருபத்திரண்டு படிகள், நடுவில் ஒரு திருப்பம். மழையில் நனைந்திருந்தன.

"கீழ் ரூமு எங்கங்க?"

"கீழ இப்ப இல்லைங்க. மேலதான்," என்றான் தம்பி. "நல்ல ரூமுங்க. சுடுதண்ணி இருக்கு."

அவர் கைப்பேசியை அவன் முகத்துக்கு நேராக நீட்டினார். "படி இல்லைன்னு நீங்கதானே போட்டிருக்கீங்க? இத நம்பித்தாங்க வந்தோம். தாத்தா வராம தாலி ஏறக்கூடாதுன்னு அங்க பொண்ணு அடம்புடிச்சிக்கிட்டு இருக்கு."

"அது பழசுங்க."

"பழசா? அடியில பாருங்க. இந்த வருசம் போட்டிருக்கு!"

நான் ஜனவரியில் பார்த்து நம்பிய அதே எண்.

நாற்காலியோடு தூக்கிவிடலாம் என்று தம்பியும் வேன் டிரைவரும் பாமசிக்காரர்கள் இரண்டு பேரும் முன்னே வந்தார்கள். வேனுக்குள்ளிருந்து பெரியவரின் குரல் கேட்டது.

"நாலு பேரு தூக்குற நாளு தானா வரும்யா. அதுக்கு இப்பவே ஒத்திகை வேணாம்."

அவர் மட்டும் சிரித்தார். மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

தெரிந்த இடங்களுக்கெல்லாம் போன் செய்தோம். முகூர்த்த நாள், சிவனொளிபாதமலை யாத்திரைக் காலம் வேறு. கீழ்த்தளத்தில் ஓர் அறைகூடக் கிடைக்கவில்லை. "வேணாங்க, நாங்க பாத்துக்கிறோம்" என்றார் அந்தப் பெண். திட்டியிருந்தால் தேவலை. வேன் நுவரெலியா ரோட்டில் ஏறிப் போனது.

உடனே கட்டாருக்குப் பேசினேன்.

"அந்த வருசமாண்ணே? அது தானா மாறும். ஜனவரி ஒன்னு பொறந்தா கம்ப்யூட்டரே மாத்திக்கும். நான் தொடவே இல்லியே."

"அப்ப கட்டைவிரல போட்டீங்களே?"

"மெசேஜ் வந்துச்சுன்னு போட்டேண்ணே. நீங்க திரும்ப கேக்கவே இல்லியே?"

தம்பியிடம் கத்தினேன். அவன் அமைதியாகக் கேட்டான்: "ஜனவரியில பாத்து சரின்னு எழுதுனது யாருண்ணே?"

கடவுச்சொல் அன்றைக்கே வந்தது. இரண்டு நிமிடத்தில் அனுப்பக்கூடியதாகத்தான் இருந்திருக்கிறது. திங்கட்கிழமை லீவு போட்டு, கைப்பேசியில் பக்கத்தை வரிவரியாக வாசித்துக்கொண்டு லொட்ஜை அறை அறையாகச் சுற்றினேன். வெட்டுப்பட்டுப்போன லேண்ட்லைன் எண், விலகிப் போன சமையல்காரரின் காலைச் சாப்பாடு, இப்போது வேறொருவர் வீடு எழும்பி நிற்கும் வேன் நிறுத்துமிடம். எல்லாம் பொய். அதன் அடியில் மட்டும் சரியான வருடம். பாமசிக்காரர்கள் வந்து ஷட்டர் பொருத்திய அன்று திருத்தியிருக்க வேண்டிய பக்கம் அது. அதற்கு எந்த ஜனவரியும் தேவைப்பட்டிருக்காது.

இடையில், ஞாயிறு காலை கல்யாண மண்டபத்துக்குப் போனேன். போய்ச் சேர்ந்தபோது முகூர்த்தம் முடிந்து ஆட்கள் கலையத் தொடங்கியிருந்தார்கள். அந்த வேனையும் காணவில்லை, அந்தப் பெண்ணையும் காணவில்லை. சக்கர நாற்காலி ஒன்று உள்ளே போனதாக வாகனம் நிறுத்த இடம் காட்டுபவர் சொன்னார். அதில் இருந்தவர் ஆணா பெண்ணா என்று அவருக்கு நினைவில்லை. அன்று அதே மண்டபத்தின் மேல்தளத்தில் இன்னொரு கல்யாணமும் நடந்தது.

பெரியவரின் மகளுடைய எண்ணுக்கு மூன்று தடவை போன் எடுத்தேன். பதில் இல்லை. பெரியவர் அந்தச் சனிக்கிழமை எங்கே தங்கினார், பேத்தியின் கழுத்தில் தாலி ஏறியதைப் பார்த்தாரா என்பவை இன்றுவரை உறுதிப்படுத்தப்படவில்லை.