வீடியோவில் எங்கள் பாட்டு

எங்கள் புதிய இசைக்குழுவின் முதல் நிகழ்ச்சி கொக்குவிலில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. நாங்கள் நாலு பேர். நான் பேஸ் கிட்டார். பள்ளிக்கூடக் காலத்திலிருந்து போனில் திரும்பத் திரும்பக் கேட்ட சினிமாப் பாட்டுகளில் ஐந்தை எடுத்து மூன்று மாதம் பழகியிருந்தோம். பழகும் வீட்டுக்குப் பின்னால் ரயில் போகும்போது நிறுத்துவோம், போன பிறகு விட்ட இடத்திலிருந்து தொடங்குவோம்.

இரண்டாவது பாட்டில் வீடியோக்கார அண்ணை மேடையில் ஏறி என் முகத்துக்கு நேரே கமராவைப் பிடித்தார். நான் தடுமாறிப் பிழைவிட்டேன்.

"பரவாயில்லை தம்பி. நான் உதுக்கு மேலை படத்துப் பாட்டைத்தான் போடப்போறன். நீங்கள் சிரிச்சுக்கொண்டு வாசியுங்கோ."

சிரித்தேன். இங்கே எல்லாக் கல்யாண வீடியோவும் அப்படித்தான். ஐயரின் மந்திரத்துக்கு மேலேயே சினிமாப் பாட்டு ஓடும். கோபம் வரும் என்று பார்த்தேன், வரவில்லை.

ஒரு மாதம் கழித்து வீடியோ வந்தது. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என் போனில் பார்த்தார். எங்கள் கைகள் அசைந்தன. கேட்டதெல்லாம் படத்துப் பாட்டு, நாங்கள் வாசித்தது இல்லை.

"அந்தமாதிரி, நல்ல வடிவா இருக்கு தம்பி. நீங்கள் இப்பிடி வாசிப்பியள் எண்டு நான் நினைக்கேல்லை."

"ஓம் அம்மா."

சத்தத்தைக் கூட்டிவைத்து இன்னொரு தரம் பார்த்தார்.

"அடுத்தமுறை நானும் கேக்க வாறன். எப்ப?"

"இன்னும் ஒண்டும் வரேல்லை" என்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே மருதனார்மடத்தில் ஒரு கல்யாணவீட்டில் நாங்கள் வாசிப்பதாக இருந்தது.