நாற்பத்தொரு கட்டில்

என் அக்காள் கணவரை எல்லோரும் வெங்காரம் என்றுதான் கூப்பிடுவார்கள். மரத்தைப் பூச்சி அரிக்காமலிருக்க, வெங்கார உப்பை வெந்நீரில் கரைத்து அதில் பச்சைப் பலகைகளை ஊறப்போடுவது அவர் தொழில். ஆள் சாது இல்லை. கோபம் வந்தால் வாய்க்கு முன்னால் கை பேசிவிடும்.

இருபத்திரண்டு வயதில் ஒரு மரக்கடையில் பூச்சிக்கொல்லித் தொட்டியருகே வேலை பார்த்தார். கூட வேலை செய்தவன் ஒரு நாள் நுரை தள்ளி அங்கேயே செத்துப்போனான். குடித்துவிட்டு வந்திருப்பான் என்றாராம் முதலாளி. அத்தான் அவர் பிடரியைப் பிடித்து, மூக்கு மருந்தில் படும்வரை தொட்டிக்குள் அழுத்தினார். பிரித்தெடுக்க நாலு பேர் வேண்டியிருந்தது. எட்டு மாதம் ஜெயிலில் இருந்தார். வெளியே வந்தபின் அந்த விஷத்தைத் தொடவே இல்லை.

வெங்காரமும் பால் அல்ல, அள்ளிக் குடித்தால் குடலைப் புரட்டும். ஆனால் மரத்துக்குள் இறங்கிவிட்டால் அங்கேயே கிடக்கும். மரத்தைத் தின்ன வரும் பூச்சிதான் சாகும், படுப்பவருக்கு ஒன்றும் ஆகாது. அவரும் அவரிடம் வேலை பார்த்த நானும் நனைத்த பலகைகளைத் தார்ப்பாயால் மூடி வாரக்கணக்கில் வைப்போம். பிறகு நுனியை அறுத்து மஞ்சள் கரைசல் தடவிப் பார்ப்பார். சிவந்தால் மருந்து உள்ளே போயிருக்கிறது. சிவக்காவிட்டால், அடுக்கியவன் நான் என்பதால், அன்றைக்கு என் பரம்பரைக்கே அர்ச்சனை நடக்கும்.

அந்த மருந்துக்கு மழைதான் ஆகாது. பக்கத்துக் கொட்டகையில் தச்சுப் பட்டறை வைத்திருந்த அவருடைய அண்ணன், எங்கள் பலகையில் செய்த, எண்ணெய் பூசாத ஜன்னல் சட்டங்களை ஒரு மழைக்காலம் முழுக்க வெளியே போட்டுவைத்தார். மருந்து கரைந்தோடி, கரையான் சட்டங்களைச் சல்லடையாக்கியது. தப்பு தன்னுடையது என்று சொல்ல அவருக்கு மனசு வரவில்லை. தம்பியின் மருந்துதான் சொத்தை என்று முடிவு கட்டிவிட்டார்.

அடுத்து, குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கு நாற்பது கட்டில் செய்யும் வேலை வந்தது. மரம் நாங்கள் கொடுத்தோம், தச்சு வேலை அண்ணனுடையது. ஏற்றிப்போக லாரி வந்த காலையில், முதல் கட்டிலைத் தூக்கப் போன அத்தான் குனிந்து மோந்தார். அடுத்ததையும் மோந்தார். எண்ணெய் வாசனைக்கு அடியில் அந்தப் பழைய தொட்டியின் நாற்றம்.

"இதுல என்னண்ணே அடிச்சே?"

"கொஞ்சம்தான்டா. காஞ்சு போச்சு. எவனுக்குத் தெரியப் போகுது?"

அத்தான் கடைசிவரை மோந்துகொண்டே போனார். மூலையில் நாற்பத்தோராவதாக ஒரு கட்டில் நின்றது. அதில் நாற்றமே இல்லை. கவிழ்த்தார். அடிப்பலகையில் சாக்கட்டியால் 'வீட்டுக்கு' என்று எழுதியிருந்தது. அண்ணன் மகளுக்கு அப்போது நிறைமாதம்.

தெரியாமல் செய்திருந்தால் நாலு வசவோடு போயிருக்கும். அத்தான் கோடாலியை எடுத்தார். முதல் கட்டில் இரண்டாகப் பிளந்தது. அண்ணன் மரச்சுத்தியால் அவர் வாயில் ஓங்கி அடித்தார், இரண்டு பல் தெறித்தது. அத்தான் ரத்தத்தைத் துப்பிவிட்டு, அதே சுத்தியைப் பிடுங்கி, அண்ணனின் மணிக்கட்டை வேலை மேசையில் வைத்து ஒரே போடாகப் போட்டார். எலும்பு முறிந்தது எனக்குக் கேட்டது. பிறகு மறுபடி கோடாலி. லாரி டிரைவர் உள்ளே ஏறிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். நான் தடுத்திருக்கலாம். உண்மையைச் சொன்னால், ஒவ்வொன்றும் பிளந்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. நாற்பதும் விறகாகும்வரை அவர் ஓயவில்லை.

சத்தம் கேட்டு அண்ணன் மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தாள். என்ன நடந்தது என்று என்னிடம் கேட்டாள், சொன்னேன். மிச்சமிருந்த கட்டிலின் அடியில் எழுதியிருந்ததை வாசித்தாள். உனக்குத் தெரிந்தேதானா என்று அப்பாவைக் கேட்டாள். அவர் முறிந்த கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் லாரிக் கண்ணாடியைத் தட்டி, "அண்ணே, இதை ஏத்திக்குங்க" என்றாள்.

"அது உன் புள்ளைக்குச் செஞ்சதும்மா" என்றார் அண்ணன்.

"என் புள்ள தரையில படுத்துக்கும்."

நாற்பதுக்கு வந்த லாரி ஒன்றோடு புறப்பட்டது. கை முறிந்தபோதுகூடப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்த மனிதர், அப்போதுதான் வாய்விட்டு அழுதார்.